வளைந்த கால்களும் கிணற்று நீரும்



ஒரு பிள்ளையின் முழங்கால்கள் உட்புறமாக வளைந்து நடை தடுமாறும்போது, யார் செய்த பாவமோ என்று கேட்கும் நாவு நம்மிடையே இன்னும் உண்டு. வரலாறு வேறொரு விடையைத் தருகிறது.

1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில், முதுகும் மூட்டுகளும் இறுகி முடங்கிய மக்களை ஷார்ட் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். கிணற்று நீரில் கரைந்திருந்த புளோரைடே காரணம் என்று கண்டனர். 1973இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கிருஷ்ணசாமியும், அத்தகைய நீருள்ள ஊர்களில் இளையோரின் முழங்கால்கள் வளைவதை எழுதிவைத்தனர். உணவில் சுண்ணாம்புச்சத்து குறைந்தால் தீங்கு மிகும்.

இது நமக்குத் தூரமான செய்தியன்று. திண்டுக்கல் சமவெளியின் அடியிலும் கடினப் பாறையே கிடக்கிறது. அதன் கனிமங்களிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கலக்கிறது. நிலக்கோட்டை வட்டாரம் உட்பட நம் மாவட்டத்தின் சில பகுதிகளில், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் வரம்பை அது கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பிள்ளைகளின் பற்களில் தோன்றும் வெண்திட்டும் பழுப்புக் கறையும் முதல் எச்சரிப்பு. நீரைக் கொதிக்கவைத்தாலும் புளோரைடு நீங்காது.

எரிகோவின் மக்கள் தங்கள் தண்ணீர் கெட்டதென்று முறையிட்டபோது, எலிசா எவரையும் குற்றப்படுத்தவில்லை, நீரூற்றண்டைக்கே சென்றார். நாமும் அவ்வாறே செய்வோம். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கால் வளைந்த பிள்ளையை எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அப்பிள்ளையின் தாயிடம் பாவத்தை அல்ல, பருகும் தண்ணீரை விசாரியுங்கள்.