பெயர் கீழே, படம் மேலே: தமிழகத்தில் விளம்பரக் காலண்டர் வளர்ந்த விதம்

வணிகர்கள் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்கும் பொருள்களில் காலண்டருக்கு மட்டும் தமிழ் வீடுகளில் தனி மரியாதை உண்டு. ஜவுளிக்கடையின் மஞ்சப்பை காய்கறிச் சந்தைக்குப் போகும். காலண்டரோ பூஜையறை வரை வரும். கடைக்காரர் தம் செலவில் அச்சிட்ட விளம்பரத்தை மக்கள் தாமே கேட்டு வாங்கி, சாமி படங்களின் வரிசையில் மாட்டிக்கொண்டது எப்படி? விளம்பரத்தை அந்த வீட்டுக்குத் தேவையான ஒன்றுக்குக் கீழே ஒதுக்கி வைத்ததே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதன் வேர் துணிமூட்டையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டரிலிருந்து வந்த துணிச்சுருள்களில் பல வண்ண லேபிள்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்தே சரக்கை அடையாளம் காண வேண்டும் என்பதால் தெய்வங்களும் அரசர்களும் யானைகளும் அவற்றில் இடம்பெற்றன. பிரிட்டனின் 1875ஆம் ஆண்டு வணிகச் சின்னப் பதிவுச் சட்டமும், இந்தியாவின் 1889ஆம் ஆண்டு வணிகச் சரக்குக் குறிச் சட்டமும் இத்தகைய குறிகளுக்குப் பாதுகாப்பளித்தன. ஆனால் லேபிள் சரக்கோடு ஒட்டியே வந்தது. அது இன்னும் தனியாகக் கொடுக்கப்படும் பரிசாகவில்லை.

1894இல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கிய பின் தெய்வப் படம் சாமானியர் வீட்டுக்கும் எட்டும் பொருளாயிற்று. அச்சகம் ஜெர்மானியத் தொழில்நுட்ப வல்லுநர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் கைக்கு மாறியபின் விளம்பர வேலைகளும் பெருகின. வினோலியா சோப், உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் போன்றவை புராணப் படங்களின் கீழ் தம் பெயரைப் பொறித்துக் காலண்டராகக் கொடுத்தன. மேலே படம், கீழே பெயர் என்ற அமைப்பு இப்படி நிலைபெற்றது.

அதைச் சிறு கடைக்காரருக்கும் எட்டச் செய்தது சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். 1923இல் தொழிற்சாலை எழுந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படி வளர்ந்த அச்சகங்களே பின்னர் காலண்டருக்குத் திரும்பின. படம் தர அருகிலேயே கோவில்பட்டி இருந்தது. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் தங்கி, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டிய சி. கொண்டையராஜு (1898–1976) 1940களில் அங்கு நிலைகொண்டார். அவரையும் அவர் சீடர்களையும் ஆராய்ந்தவர் ஸ்டீபன் இங்கிலிஸ். கொண்டையராஜுவின் தெய்வங்கள் நம்மை நேருக்கு நேர் பார்ப்பவை. பின்னணியில் நாடக மேடையின் ஆழம் தெரியும். கும்பிடுவதற்கென்றே அமைந்த படங்கள் அவை.

வணிக நோக்கில் சிவகாசியின் பெரிய கண்டுபிடிப்பாக நான் கருதுவது, கீழே விடப்பட்ட வெற்றிடத்தைத்தான். படங்கள் முன்கூட்டியே மொத்தமாக அச்சாகிவிடும். ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பம் வெளிவரும். ஏஜென்டுகள் அதைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று ஆர்டர் பிடிப்பார்கள். கடைப்பெயரும் முகவரியும் கடைசியில்தான் ஏறும். இதனால் சில நூறு பிரதிகள் மட்டுமே வேண்டிய மளிகைக்கடைக்காரரும் பெரிய நகைக்கடைக்கு இணையான வண்ணப் படத்தைக் கொடுக்க முடிந்தது. முருகனும் லட்சுமியும் இருந்த அதே ஆல்பத்தில் மெக்காவும் வேளாங்கண்ணி மாதாவும் இருந்தார்கள். வாடிக்கையாளர் யாரோ, அவருக்கேற்ற படம்.

ஒரே முருகன் அரிசிமண்டியிலும் நகைக்கடையிலும் தொங்கினால் கடைக்கென்று தனி அடையாளம் ஏது என்று இன்றைய விளம்பரத் துறையினர் கேட்கக்கூடும். படம் எந்தக் கடைக்கும் சொந்தமில்லாமல் இருந்ததால்தான் வாடிக்கையாளர் அதைத் தமதாக்கிக்கொண்டார். ஆண்டு முடிந்ததும் பெயரை வெட்டிவிட்டுப் படத்துக்குச் சட்டம் போட்டார். கஜ்ரி ஜெயின் 2007இல் வெளியிட்ட நூலில் காலண்டர் படங்களைக் கடைவீதியின் நம்பிக்கை, நன்மதிப்பு உறவுகளோடு சேர்த்தே விளக்குகிறார். தமிழகச் சான்றுகளும் அதற்கு இசைவாகவே உள்ளன: கடைக்காரர் கொடுத்தது உறவைப் புதுப்பிக்கும் ஒரு மரியாதை.

தினசரி காலண்டர் அடுத்த கட்டம். ராகுகாலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் என்று பஞ்சாங்கமே தாளுக்குத் தாள் வந்து சேர்ந்தது. படத்தின் மேலிருந்த பக்தியோடு நாளின் தேவையும் சேர்ந்தது. நல்ல நேரம் பார்க்க ஒவ்வொரு காலையும் அதன்முன் நின்றவர் கண்ணில் கடைப்பெயரும் பட்டது.

அண்மைக் காலம் அவ்வளவு சாதகமாக இல்லை. அரசுத் துறைகள் காலண்டர், டைரி அச்சிடுவதை நிறுத்தும்படி ஒன்றிய நிதியமைச்சகம் 2020 செப்டம்பரில் ஆணையிட்டது. பஞ்சாங்கமும் கைபேசிக்குள் போய்விட்டது. துணிப்பைக்கோ எதிர்த்திசையில் காற்று வீசியது: தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தடை, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம்.

இந்த வரலாற்றுக்கு ஆதாரமான பொருள்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் குப்பைக்குப் போகின்றன. தெய்வப் படங்களைச் சேகரிப்போர் கீழே உள்ள பெயரை வெட்டி எறிவது வருத்தத்துக்குரியது. எந்த ஆண்டில் எந்தச் சிற்றூரில் என்ன கடை இருந்தது, அதன் உரிமையாளர் எந்தத் தெய்வத்தைத் தேர்ந்தார் என்பதற்கு அந்தக் கீழ்ப்பட்டையே சான்று. ஏஜென்டுகளின் பழைய ஆல்பங்களையும் ஆர்டர் புத்தகங்களையும் பழைய பேப்பர் கடைக்குப் போகுமுன் நூலகங்கள் கேட்டு வாங்கிவிட வேண்டும்.