பள்ளத்தாக்கின் மேல் ஒரு கண்ணாடி நடைபாதை

அறிவியல் பாடத்தில் மேசை விளிம்புக்கு வெளியே அடிக்கோலை நீட்டி, உட்புற முனையின்மேல் கனத்த அகராதி ஒன்றை வைத்தேன். “கீழே தாங்குவதற்கு எதுவும் இல்லையே ஐயா?” என்றான் ஒரு மாணவன். அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கிராண்ட் கேன்யன் வான்நடைபாதை அப்போது நினைவுக்கு வந்தது.

குதிரை லாட வடிவிலான அப்பாதை பாறை விளிம்பிலிருந்து 70 அடி வெளியே நீள்கிறது. பலரும் கண்ணாடியே ஆட்களைத் தாங்குவதாக எண்ணுகின்றனர், அது தவறு. கண்ணாடி வெறும் தளம். பாரத்தைச் சுமப்பவை உள்ளீடற்ற பெட்டி வடிவ எஃகு விட்டங்கள். வளைந்த விட்டம் பாரத்தால் தாழ்வதோடு முறுக்கவும் படும். முறுக்கைத் தாங்கப் பெட்டி வடிவமே ஏற்றது. பாதையின் முன்புறம் தாழ முனையும்போது பின்புறம் மேலெழ முயலும். அதனை எஃகுத் தண்டுகளால் சுண்ணாம்புப் பாறையோடு பிணைத்துள்ளனர். என் அகராதியின் வேலையை அங்கே அப்பாறை செய்கிறது! நடப்போரின் காலடியால் எழும் அதிர்வைத் தணிக்க விட்டங்களுக்குள் அசையும் எடைகளும் உண்டு. முழு அமைப்பையும் தரையிலேயே இணைத்து, 2007 மார்ச்சில் மெல்ல மெல்ல விளிம்புக்கு வெளியே உருட்டினர். அதே மாத இறுதியில் பொதுமக்களுக்குத் திறந்தனர்.

ஆனால், என்னை அதிகம் சிந்திக்க வைத்தது அந்நிலத்தின் வரலாறு. அது ஹுவாலாபாய் பழங்குடியினரின் மண். 1874இல் இராணுவம் அவர்களைத் தொலைவிலுள்ள லா பாஸுக்கு வலுக்கட்டாயமாக ஓட்டிச் சென்றது. பலர் மாண்டனர், எஞ்சியோர் தப்பித் திரும்பினர். 1883இல்தான் அவர்களுக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. வேலைவாய்ப்பு அரிதான அம்மக்கள், லாஸ் வேகாஸ் வணிகர் டேவிட் ஜின் 1996இல் முன்வைத்த இத்திட்டத்தை ஏற்றனர். புனித மண்ணைத் துளைக்கலாமா என்று முதியோர் சிலர் எதிர்த்தனர். அவர்களைப் பழமைவாதிகள் என ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

பின்னர், வருவாய் குறித்தும் முடிவுறாத பார்வையாளர் மையம் குறித்தும் பூசல் மூண்டது. 2012இல் பழங்குடி மன்றம் ஜின்னின் ஒப்பந்த உரிமையைக் கையகப்படுத்தியது. அதே ஆண்டில் நடுவர் தீர்ப்பு ஜின்னின் நிறுவனத்துக்கு 2 கோடியே 80 இலட்சம் டாலருக்கும் மேல் வழங்கச் சொன்னது. 2013இல் ஜின் காலமானார். நடைபாதை இன்றும் ஹுவாலாபாய் மக்களின் பொறுப்பில் உள்ளது. கண்ணாடி கீறாதிருக்க, வருவோர் காலணிமேல் துணியுறை அணிந்தே நடக்க வேண்டும்.