இரண்டாம் தடவை தாதியர் பரீட்சை: முழுநேர வேலையோடு தயாராவது எப்படி?

என் மனைவி யாழ்ப்பாணத்தில் தாதியாக இருந்தவர். கனடாவில் முதியோர் இல்லமொன்றில் முழுநேரப் பராமரிப்புப் பணியாளர். இங்கு தாதியாகப் பதிவு பெறுவதற்கான என்கிளெக்ஸ்-ஆர்.என். பரீட்சையில் முதல் தடவை அவர் சித்தியடையவில்லை. நான் வர்த்தகம் படித்த கணக்காளன். மருத்துவம் தெரியாது, ஆனால் நட்டக் கணக்கை வாசிக்கத் தெரியும். எங்கள் அனுபவம் அதே நிலையிலுள்ள குடும்பங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பரீட்சையின் முறை

அமெரிக்காவில் நடக்கும் இதே பரீட்சைதான் 2015 முதல் ஒன்ராறியோவிலும். விடையைப் பார்த்தே கணினி அடுத்த கேள்வியைத் தெரிவு செய்யும். சரியாக எழுத எழுதக் கேள்வி கடினமாகும், அதற்காகப் பதறக்கூடாது. குறைந்தது 85 கேள்விகள், கூடியது 150; நேரம் 5 மணித்தியாலம். நீங்கள் சித்திக்கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பது 95 வீதம் உறுதியானதும் கணினி நிறுத்திவிடும். கடந்த கேள்விக்குத் திரும்ப முடியாது.

தவறியவர் மீண்டும் எழுத 45 நாட்கள் காத்திருக்க வேண்டும். திரும்பவும் பதிவு செய்து, முழுக் கட்டணமும் கட்டி, புதிய அனுமதி பெறவேண்டும். பதிவிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒத்திருப்பது கட்டாயம். தகப்பன் பெயர் முன்னும் பின்னும் மாறிக் கிடக்கும் நம்மவர்கள் இதை முதலிலேயே சரிபார்க்கவேண்டும்.

தோல்வி அறிக்கையை வாசியுங்கள்

தவறியவருக்கு ஓர் அறிக்கை வரும். எட்டுப் பாடப் பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் சித்தி மட்டத்துக்கு மேலே, அண்மையில், கீழே என்று அதில் குறித்திருக்கும். மனைவி அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். இரண்டு கிழமை கழித்துத்தான் எடுத்தோம். மருந்தியலில் மேலே நின்றவர், பராமரிப்பை முகாமை செய்யும் பிரிவில் கீழே நின்றார். 2023 ஏப்ரலில் வந்த பாடத்திட்டத்தில் அந்தப் பிரிவுக்குத்தான் ஆகக்கூடிய பங்கு: 15 முதல் 21 வீதம். யாருக்கு எந்த வேலையை ஒப்படைப்பது, நான்கு நோயாளிகளில் முதலில் யாரைப் பார்ப்பது என்பவை அதில் வரும்.

பிழைப் பேரேடு

பயிற்சிக் கேள்விகளில் பிழைத்தவற்றை ஒரு கொப்பியில் மூன்று நிரல்களாகப் பிரித்தோம்: விஷயம் தெரியாது, கேள்வியைப் பிழையாக வாசித்தது, தெரிந்தும் எது முதலில் என்பதில் தவறியது. மூன்றாவது நிரல்தான் நிரம்பியது.

"இஞ்சருங்கோ, எனக்குத் தெரியாமல் இல்லை. முதல்ல எதைச் செய்யிறதெண்டுதான் தடுமாறுது" என்றார்.

காரணம் பிறகுதான் விளங்கியது. வேலையில் அவர் ஏதும் மாற்றம் கண்டால் தாதியிடம் சொல்லிவிட்டு நிற்கவேண்டியவர். பரீட்சையிலோ அவர்தான் அந்தத் தாதி. ஏழு வருடம் சொன்னதைச் செய்து பழகிய கை, முடிவெடுக்கத் தயங்கியது. "வைத்தியருக்கு அறிவி" என்ற விடையையே அடிக்கடி தெரிந்திருந்தார். அதற்கு முன் தாதி தானே பார்க்கவேண்டியது, செய்யவேண்டியது ஏதும் உண்டா என்று கேட்கப் பழகினார். மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற ஒழுங்கில் ஒவ்வொரு விடைக்கும் காரணத்தை எனக்கு வாய்விட்டுச் சொல்வார். எனக்கு விளங்கினால் அவருக்குத் தெளிவு என்று அர்த்தம்.

நேர வரவு செலவு

ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். வேலை 40, பயணம் 10, நித்திரை 49, வீட்டு வேலையும் சாப்பாடும் மற்றதும் 50. மிச்சம் 19. அதில் 12 மட்டும் படிப்புக்கு ஒதுக்கினோம்: நான்கு வேலை நாட்களில் ஒன்றரை மணித்தியாலம், விடுமுறை நாளில் நான்கு, பிழைப் பேரேட்டுக்கு இரண்டு. 12 கிழமையில் 144 மணித்தியாலம். 45 நாள் முடிந்த உடனேயே எழுதவேண்டும் என்று அவசரப்படவில்லை.

இரவு வேலை முடிந்து வந்தால் நித்திரைதான், படிப்பில்லை. கடைசி மூன்று கிழமையும் விடுமுறை நாளில் 85 கேள்விகளை ஒரே இருப்பில் செய்து பழகினார்.

வீட்டாரின் பங்கு

அந்த 12 மணித்தியாலம் சும்மா கிடைக்கவில்லை. சமையலை நானும் மகனும் எடுத்தோம். கொண்டாட்டங்களுக்கு நான் தனியே போனேன். "பாஸ் பண்ணியாச்சோ?" என்று கேட்டவர்களுக்கு நானே பதில் சொன்னேன். வீட்டுக்குள் அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை.

இரண்டாம் தடவை சித்தியடைந்தார். அந்தக் கொப்பி இப்போது அவரோடு வேலை செய்த இன்னொரு தங்கச்சியிடம் இருக்கிறது. முதலில் அறிக்கையை எடுத்து வாசிக்கச் சொல்லித்தான் கொடுத்தார்.