பொடுகும் தலை அரிப்பும்: எந்த ஷாம்பூ, எப்படிப் பயன்படுத்துவது?



பட்டுக்குப் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு ஒரு ஹதீஸ் அடிக்கடி நினைவுக்கு வரும். ஆண்கள் பட்டு அணிவது தடுக்கப்பட்டது என்பது மக்தப் பிள்ளைகளும் அறிந்த சட்டம். ஆனால் ஜுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகிய இரு தோழர்களுக்கு உடலில் அரிப்பு இருந்ததால் பட்டுச் சட்டை அணிந்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் இன்னொரு சம்பவம். இஹ்ராமில் இருந்த கஅப் பின் உஜ்ரா (ரலி) அவர்களின் தலையிலிருந்து பேன்கள் உதிரும் அளவுக்குத் தொல்லை. இஹ்ராமில் முடி களையக்கூடாது என்றிருந்தும், பரிகாரம் கொடுத்துத் தலையை மழித்துக்கொள்ள அவருக்கு வழி காட்டப்பட்டது. அல்பகரா அத்தியாயத்தின் 196-ஆம் வசனம் இறங்கிய பின்னணி இதுதான்.

அரிப்புக்காக மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. நாமோ அதைச் சொல்லவே வெட்கப்படுகிறோம். பட்டுக் கடையில் விற்பனைக்கு நிற்கும் இளைஞன் கறுப்புச் சட்டை போடத் தயங்குகிறான். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பிள்ளையின் தலையைத்தான் தாய் முதலில் பார்க்கிறாள். தராவீஹில் இருபது ரக்அத்தும் தலையைச் சொறிந்தபடி நிற்பவருக்குத் தொழுகையில் மனம் எப்படி ஒன்றும்? ஜும்ஆ முடிந்ததும் தனியாக ஒதுங்கி வந்து, "ஹஜ்ரத், எந்த ஷாம்பூ நல்லது?" என்று கேட்பவர்கள் ஒருவர் இருவர் அல்லர். அவர்கள் எல்லோருக்குமாக, தோல் மருத்துவம் சொல்வதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பொடுகு என்பது என்ன?

பொடுகு அழுக்கினால் வருவதல்ல. நன்றாகக் குளிப்பவருக்கும் வரும். நம் எல்லோருடைய தலைத் தோலிலும் 'மலாசீசியா' என்னும் நுண்ணிய பூஞ்சை வாழ்கிறது. 1874-இல் இதை விவரித்த பிரெஞ்சு அறிஞர் மலாசே என்பவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசைதான் இதன் உணவு. அதை இது உடைக்கும்போது ஒலியிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள் வெளிப்படுகின்றன. சிலருடைய தோலுக்கு இவை ஒத்துக்கொள்வதில்லை. அரிப்பு எடுக்கிறது. வழக்கமாக ஒரு மாத அளவில் புதுப்பித்துக்கொள்ளும் தோல், அவசர அவசரமாகச் செல்களைத் தள்ளுகிறது. அவைதான் வெள்ளைச் செதில்களாக உதிர்கின்றன.

சிவப்பு, எண்ணெய்ப் பிசுக்குள்ள மஞ்சள் செதில், புருவத்திலும் மூக்கோரத்திலும் காதுக்குப் பின்னாலும் உரிதல் ஆகியவை சேர்ந்தால் அது சற்று முற்றிய நிலை. மருத்துவர்கள் அதை 'செபோரிக் டெர்மடைடிஸ்' என்பார்கள். தாடி வைத்திருக்கும் சகோதரர்கள் கவனிக்க வேண்டும். தாடிக்கு அடியிலும் இதே தொல்லை வரும், இதே மருந்துதான்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, பூஞ்சையை அடக்கும் மருந்து ஷாம்பூவில் இருக்க வேண்டும். வெறும் நுரையும் வாசனையும் போதாது. இரண்டு, பூஞ்சை நம் தோலிலேயே குடியிருப்பதால் பொடுகைக் கட்டுக்குள் வைக்கலாமே தவிர, ஒரே பாட்டிலில் வேரோடு ஒழிக்க முடியாது. "ஒரே வாரத்தில் நிரந்தரத் தீர்வு" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள்.

பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பெயரையும் படத்தையும் பார்த்து ஷாம்பூ வாங்குவதுதான் நம் வழக்கம். பார்க்க வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை.

*கெட்டோகோனசோல் 2%:* பூஞ்சையை நேரடியாக அடக்கும் மருந்து. மருந்துக் கடைகளில் பல நிறுவனப் பெயர்களில் கிடைக்கிறது. வாரம் இரண்டு முறை, இரண்டு முதல் நான்கு வாரங்கள். குறைந்த பின் வாரம் ஒரு முறை அல்லது இரு வாரத்துக்கு ஒரு முறை.

*ஜிங்க் பைரித்தியோன் 1%:* கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 'ஆன்டி டாண்ட்ரஃப்' ஷாம்பூக்களில் நெடுங்காலமாக இருப்பது. 1961-இல் அமெரிக்காவில் அறிமுகமான ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் இதைக் கொண்டே பெயர் பெற்றது. லேசான பொடுகுக்கு இது போதும். 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனங்களில் இதற்குத் தடை விதித்துவிட்டதால், பல நிறுவனங்கள் 'பைரோக்டோன் ஓலமைன்' என்பதற்கு மாறி வருகின்றன. அதுவும் பூஞ்சையை அடக்குவதே.

*செலினியம் சல்பைடு:* நல்ல பலன் தரும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கையும் வாடையையும் சிலருக்கு உண்டாக்கும். நரைத்த முடி, சாயமிட்ட முடி ஆகியவற்றின் நிறத்தை மாற்றலாம். நகையைக் கறுக்கச் செய்யும் என்பதால் கம்மல், மோதிரம், சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

*சாலிசிலிக் அமிலம், தார்:* தடித்து ஒட்டிக்கொண்ட செதிலைக் கரைத்து எடுக்க சாலிசிலிக் அமிலம் உதவும். நிலக்கரித் தார் கலந்த ஷாம்பூ, தோல் செல்கள் வேகமாகப் பெருகுவதைக் குறைக்கும். இவை பெரும்பாலும் மருத்துவர் சொல்லிப் பயன்படுத்துபவை.

இவற்றில் எது உயர்ந்தது? 331 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வார முடிவில் கெட்டோகோனசோல் 2% பயன்படுத்தியவர்களிடம் 73% முன்னேற்றமும், ஜிங்க் பைரித்தியோன் 1% பயன்படுத்தியவர்களிடம் 67% முன்னேற்றமும் காணப்பட்டன. வித்தியாசம் உண்டு, ஆனால் மலைக்கும் மடுவுக்குமானது அல்ல. ஆகவே லேசான பொடுகுக்குக் கடை ஷாம்பூவில் தொடங்கலாம். ஒரு மாதம் ஒழுங்காகப் பயன்படுத்தியும் குறையாவிட்டால் கெட்டோகோனசோலுக்கு மாறலாம்.

தவறு பெரும்பாலும் நம் கையில்

இதில் நம் அனுபவத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மதரஸாவில் ஓதிய காலத்தில் நமக்கும் கடுமையான பொடுகு இருந்தது. ஒருவர் சொல்லி மருந்து ஷாம்பூ வாங்கினோம். மாதக்கணக்கில் போட்டும் பலனில்லை. மருந்தே போலி என்று முடிவு கட்டி, பிறகு ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தேய்த்த பிறகு எத்தனை நிமிஷம் தலையில் வைத்திருந்தீர்கள்?" விடுதிக் குளியலறையில் வரிசை நிற்கும்போது நிமிடக் கணக்கு ஏது? நுரை வந்ததும் தண்ணீரை ஊற்றிவிடுவோம். மருந்து வேலை செய்யும் முன்பே சாக்கடைக்குப் போயிருக்கிறது.

முறை இதுதான்:

1. முதலில் தலையை நன்றாக நனையுங்கள். எண்ணெய் இருந்தால் சாதாரண ஷாம்பூவால் ஒரு முறை அலசிவிடுங்கள்.
2. மருந்து ஷாம்பூவை 5 முதல் 10 மில்லி எடுத்து, முடியில் அல்ல, தலைத் தோலில் படும்படி விரல் நுனியால் தேயுங்கள். நகத்தால் கீறாதீர்கள்.
3. 3 முதல் 5 நிமிடம் அப்படியே விடுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
4. நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.
5. குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள். நான்கு வாரம் முடியுங்கள்.

பாக்கெட் ஷாம்பூ பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுசேர்த்த பெருமை நம் தமிழ்நாட்டுக் கடலூருக்கு உண்டு. அவ்வூர்ச் சின்னிகிருஷ்ணனின் யோசனை அது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயில் 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். நல்ல வசதிதான். ஆனால் இந்த வாரம் ஒரு பாக்கெட், அடுத்த வாரம் வேறொன்று என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த மருந்துக்கும் வேலை செய்ய அவகாசம் கிடைக்காது. நீண்ட கூந்தலுள்ள பெண்களுக்கு ஒரு பாக்கெட் போதவும் செய்யாது.

எண்ணெய், சீயக்காய், எலுமிச்சை

"தலை வறண்டதால்தான் பொடுகு, எண்ணெய் வை" என்பது வீட்டுப் பெரியவர்களின் அறிவுரை. செதிலை ஊறவைத்து எடுக்கக் குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெய் தடவுவதில் தவறில்லை. ஆனால் பொடுகு உள்ளபோது நாள் கணக்கில் எண்ணெயோடு இருப்பது நல்லதல்ல. கொழுப்பைத் தின்று வாழும் பூஞ்சைக்கு அது விருந்தாகிவிடும்.

சீயக்காயும் அரப்பும் அழுக்கு நீக்கும். பொடுகுக்கு அவை மருந்து ஷாம்பூவின் இடத்தைப் பிடிக்காது. சொறிந்து புண்ணான தலையில் எலுமிச்சைச் சாறு விடுவது எரிச்சலைக் கூட்டும்.

நம் வீடுகளுக்கென்று சில குறிப்புகள்

*கடமையான குளிப்பு:* குளிப்பு நிறைவேற முடியின் வேர்களுக்குத் தண்ணீர் சேர வேண்டும். ஷாம்பூ அதற்கு நிபந்தனை அல்ல. சடை பின்னிய பெண்கள் ஜனாபத் குளிப்புக்குச் சடையை அவிழ்க்க வேண்டியதில்லை, தலையில் மூன்று கை தண்ணீர் ஊற்றினால் போதும் என்று உம்மு ஸலமா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்துள்ளார்கள். எனவே ஒவ்வொரு குளிப்புக்கும் மருந்து ஷாம்பூ போட்டுத் தோலை வறட்ட வேண்டாம்.

*ஈரத் தலை:* ஃபஜ்ர் நேரத்தில் குளித்துவிட்டு ஈரக் கூந்தலை முடிந்து, மக்கனாவும் புர்காவும் போட்டுவிடுகிறார்கள் நம் பெண்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அரிப்பு அதிகரிக்கும். துவட்டி, காய்ந்த பின் மூடுங்கள். உள்ளே அணியும் துணி பருத்தியாக இருக்கட்டும். ஆண்களின் தொப்பியும் அப்படியே. துணியையும் தலையணை உறையையும் அடிக்கடி துவையுங்கள்.

*ஆல்கஹால்:* ஷாம்பூவில் 'சீட்டைல் ஆல்கஹால்', 'ஸ்டியரைல் ஆல்கஹால்' என்று எழுதியிருப்பதைக் கண்டு அஞ்சிக் கேட்கிறார்கள். இவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள். பெயரில்தான் ஆல்கஹால், போதை தரும் மதுவுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

*ஹஜ், உம்ரா:* இஹ்ராமில் வாசனையுள்ள ஷாம்பூ கூடாது. பொடுகு உள்ளவர்கள் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே சிகிச்சையைத் தொடங்கிவிடுவது நல்லது.

ஷாம்பூவால் தீராதவை

தலை அரிப்பெல்லாம் பொடுகு அல்ல. கீழ்க்கண்டவற்றைப் பார்த்தால் கடை கடையாக அலையாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டி, செதில் தெரிந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. ஷாம்பூ மட்டும் இதற்குப் போதாது. பல வாரங்கள் உள்ளுக்கு மாத்திரை சாப்பிட வேண்டும். சீப்பு, தொப்பி, துண்டு வழியாகப் பரவும் என்பதால் மதரஸா விடுதிகளில் இவற்றை மாற்றிப் பயன்படுத்த விடக்கூடாது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அவ்விடத்தில் முடி முளைக்காமலே போய்விடும்.

பெண் பிள்ளைகளுக்குக் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் அரித்தால் பேன் பாருங்கள். பொடுகு ஊதினால் பறக்கும். ஈர் முடியோடு ஒட்டியிருக்கும்.

வெள்ளி நிறத்தில் தடித்த செதில், முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கு வந்தால், முழங்கை முழங்காலிலும் இருந்தால், அது சொரியாசிஸ் ஆக இருக்கலாம். இது தொற்று நோய் அல்ல, ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

தலைக்குச் சாயமோ 'கறுப்பு மருதாணி'யோ போட்ட பின் அரித்து வீங்கினால், அதில் கலந்துள்ள 'பிபிடி' என்ற ரசாயனத்தின் ஒவ்வாமையாக இருக்கக்கூடும். சுத்தமான மருதாணி செம்மஞ்சள் நிறம்தான் தரும், கறுப்பு தராது. ஒரு முறை ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி போடக்கூடாது.

கர்ப்பிணிகளும், கைக்குழந்தை உள்ள வீட்டாரும் மருந்து ஷாம்பூவுக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பச்சிளம் குழந்தையின் தலையில் படியும் மஞ்சள் செதில் பெரும்பாலும் தானாகவே சில மாதங்களில் போய்விடும். யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவாதீர்கள். முதலில் சுகம்போல் தெரிந்து பிறகு நோயை முற்றச் செய்யும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பணம் இல்லை என்று சகித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

ஷாம்பூ என்ற சொல்

கடைசியாக ஒரு தகவல். 'ஷாம்பூ' என்பது ஆங்கிலேயன் கொடுத்த சொல் அல்ல. பிடித்துவிடுவதைக் குறிக்கும் 'சாம்ப்னா' என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பாட்னாவில் முஸ்லிம் குடும்பத்தில் 1759-இல் பிறந்த ஷேக் தீன் முஹம்மத் என்பவர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் சேர்ந்த நிலையம் நடத்தி, நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே அந்தச் சேவை செய்தவர். தலை கழுவும் திரவத்துக்கு அந்தப் பெயர் வந்தது பிறகுதான்.

சகோதர சகோதரிகளே! நோய்க்கு மருந்து தேடுவது நம் மார்க்கம் காட்டிய வழி. பொடுகுள்ள பிள்ளையை "ஒழுங்காகக் குளிப்பதில்லை" என்று நான்கு பேர் முன் ஏசாதீர்கள். அது அவன் செய்த குற்றமல்ல. பின்பக்கம் படித்து ஒரு ஷாம்பூ வாங்கிக் கொடுங்கள், ஐந்து நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், ஒரு மாதத்தில் மாற்றம் தெரியும்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.