மேடைக்கு யார் காசு?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. காபியை ஆற்றிக்கொண்டே, "சார், நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல, ஞாபகம் இருக்கா?" என்றான். இருந்தது. அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

தொண்ணூறுகளில் ஓர் அமைச்சர் எங்கள் பக்கம் ஒரு திறப்பு விழாவுக்கு வந்தார். பெயர் வேண்டாம். நாலைந்து வருடமாகக் குண்டும் குழியுமாகக் கிடந்த சாலைக்கு முதல் நாள் இரவு தார் போட்டார்கள். அதுவும் கார் வரும் தூரத்துக்கு மட்டும். அந்த இடத்தைத் தாண்டிப் பழையபடி மண்தான். பிள்ளைகளைக் காலை எட்டரை மணிக்கே வரிசையில் நிறுத்தச் சொல்லி உத்தரவு. அமைச்சர் வந்தபோது மணி ஒன்றரை. ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடியது நானும் இந்தப் பையனும்தான். மேடையில் அமைச்சர் திறப்பு விழாவைப் பற்றி இரண்டு நிமிடமும் எதிர்க்கட்சியைப் பற்றி இருபது நிமிடமும் பேசினார். திரும்பி வரும்போது இவன் கேட்டான்: "சார், இந்த மேடைக்கு யார் காசு?"

"பாடத்தைப் படிடா" என்று சொன்னேன். பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுத்துக்கொண்டிருந்த வாத்தியார் சொன்ன பதில் அது. அரசுச் சம்பளம், பக்கத்தில் தலைமையாசிரியர், எனக்கும் இரண்டு பிள்ளைகள். காரணம் சொல்லலாம். ஆனால் இந்தக் கேள்விக்கான விடை நம் நாட்டு வரலாற்றில் மிகப் பெரிய ஒரு அத்தியாயம் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருடமாக உறுத்துகிறது.

அந்த அத்தியாயம் நடந்த ஊர் ரேபரேலி. உத்தரப் பிரதேசத்தில் லக்னோவுக்குத் தெற்கே உள்ள சின்ன நகரம். 1971 நாடாளுமன்றத் தேர்தலில் இந்திரா காந்தி அங்கே வேட்பாளர். எதிர்த்து நின்றவர் சோசலிஸ்டுத் தலைவர் ராஜ் நாராயண். பிப்ரவரி 1, பிப்ரவரி 25 ஆகிய தேதிகளில் இந்திரா அந்தத் தொகுதிக்குப் போனார். பிரதமர் என்ற முறையில் அவருக்குப் பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. கூடவே மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், பொதுப்பணித் துறை செயற்பொறியாளர், மின்துறைப் பொறியாளர் எல்லாரும் சேர்ந்து கூட்டத்துக்கு மேடை கட்டினார்கள், தடுப்பு போட்டார்கள், ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். நம் ஊரில் நாம் பார்க்காததா?

இந்திரா 1,83,309 வாக்கு வாங்கினார். ராஜ் நாராயணுக்கு 71,499. வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல். இவ்வளவு தூரம் தோற்றவர் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார் என்றுதானே நினைப்போம்? ராஜ் நாராயண் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். போர்வை கொடுத்தார்கள், சாராயம் கொடுத்தார்கள், பசுவும் கன்றும் சின்னம் மதச் சின்னம் என்று குற்றச்சாட்டுகளை அடுக்கினார். அவர் தரப்பு வழக்கறிஞர் சாந்தி பூஷண். வழக்கு நான்கு வருடம் நடந்தது. 1975 மார்ச் மாதம் பிரதமரே கூண்டேறிச் சாட்சி சொன்னார். இந்திய வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை.

1975 ஜூன் 12. நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பைப் படித்தார். போர்வை, சாராயம், சின்னம் எல்லாவற்றையும் ஆதாரமில்லை என்று தள்ளிவிட்டார். நின்றவை இரண்டே விஷயங்கள். ஒன்று, பிரதமர் செயலகத்தில் சிறப்புப் பணி அலுவலராக இருந்த யஷ்பால் கபூர் அரசுப் பணியிலிருந்து முழுதாக விடுபடும் முன்னரே தேர்தல் வேலை பார்த்தார். மற்றொன்றுதான் நம் மேடை. அரசு அதிகாரிகளைக் கொண்டு மேடையும் மின்சாரமும் ஏற்பாடு செய்ததால் வேட்பாளர் உயரமான இடத்தில் நின்று கூட்டத்தைப் பார்த்துப் பேசும் வசதி பெற்றார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(7) பிரிவின்படி அது முறைகேடு. தேர்தல் செல்லாது, ஆறு வருடத்துக்குத் தேர்தலில் நிற்கவும் கூடாது.

சவுக்குக் கட்டையும் பலகையும் போட்டுக் கட்டிய ஒரு மேடைக்காக நாட்டின் பிரதமர் பதவியிழப்பதா என்று அப்போதே பலர் சிரித்தார்கள். சாலை விதியை மீறியதற்குப் பதவியைப் பறிப்பது போல என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிரதமருக்கு ஆபத்து உண்டு, பாதுகாப்பான மேடை கட்டுவது மாநில அரசின் கடமை என்று பாதுகாப்பு விதிகளே சொல்லியிருந்தன. பின்னாளில் நடந்த இரண்டு கொலைகளை நினைத்தால், அதில் ஒன்று நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலேயே நடந்தது, பாதுகாப்பு என்ற சொல்லை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் பாதுகாப்புக்குத் தேவை எது, பிரசாரத்துக்கு உதவி எது என்று கோடு போட ஒரு நீதிபதி துணிந்தார். அந்தத் துணிச்சல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஜூன் 24 அன்று நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார். ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை. நான் அப்போது கல்லூரிப் படிப்பில் காலை வைத்திருந்தேன். திண்ணையில் ரேடியோவை மெதுவாக வைத்துக் கேட்ட அப்பா, "இனிமே வெளியில வாயைத் திறக்காதே" என்று மட்டும் சொன்னார். 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியும் கலைக்கப்பட்டது.

பெரும்பாலான பாடப் புத்தகங்கள் இத்தோடு நெருக்கடி நிலைக் கொடுமைகளுக்குப் போய்விடும். மேடை என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதும் அதுதான். 1975 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேர்தல் சட்டத்தைத் திருத்தியது. அரசு ஊழியர் தன் அலுவல் கடமையாகவோ, கடமை என்று கருதியோ, ஒரு வேட்பாளருக்காக ஏற்பாடுகள் செய்தால், வசதி கொடுத்தால், அது தேர்தல் உதவியாகக் கருதப்படாது என்று 123(7) பிரிவில் ஒரு வாசகத்தைச் சேர்த்தார்கள். முன்தேதியிட்டு அமலுக்கு வந்தது. அதை வைத்துத்தான் 1975 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் இந்திராவின் வெற்றி செல்லும் என்றது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றமே விசாரிக்க முடியாதபடி செய்த அரசியல் சட்டத் திருத்தத்தை மட்டும் நீதிபதிகள் ஏற்கவில்லை.

1977-ல் அதே ரேபரேலி மக்கள் அதே ராஜ் நாராயணை 55,202 வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். நெருக்கடி நிலை போனது. அந்த வாசகம் மட்டும் சட்டத்தில் அப்படியே இருந்துவிட்டது. அதை எதிர்த்து ஆட்சிக்கு வந்தவர்களுக்கும் அது வசதியாகத்தானே இருந்திருக்கும்!

இப்போது நம் தாலுகாவுக்கு வருகிறேன். கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். இரண்டு ஏரிகளை இணைத்து 500 மில்லியன் கன அடி தேக்கும் அளவுக்கு 380 கோடி ரூபாயில் கட்டியது. சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஐந்தாவது நீர்த்தேக்கம். பூண்டி, செங்குன்றம், சோழவரம் என்று ஏற்கெனவே நம் மாவட்டத்து ஏரிகள்தான் சென்னையின் தாகம் தீர்க்கின்றன. இதற்காக நிலம் கொடுத்தவர்கள் நம் மக்கள். இழப்பீட்டுக்காக அலைந்தவர்களும் அவர்களே. 2020 நவம்பர் 21-ல் உள்துறை அமைச்சர் அமித் ஷா இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். எங்கே? சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, சென்னை கலைவாணர் அரங்கத்தில். 61,843 கோடி ரூபாய் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கும் அதே மேடையில் அடிக்கல். அதே அரசு மேடையில்தான் அன்றைய துணை முதல்வரும் முதல்வரும் அ.தி.மு.க.–பா.ஜ.க. கூட்டணி தொடரும் என்று அறிவித்தார்கள். விருந்தினரும் எதிர்க்கட்சிகளைச் சாடிப் பேசினார். அரசு விழாவை அரசியல் மேடையாக்கிவிட்டார்கள் என்று எதிர்க்கட்சியினர் கண்டித்தார்கள்.

அமைச்சர்கள் அரசுப் பயணத்தையும் பிரசாரத்தையும் கலக்கக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதி இருக்கிறது. ஆளுங்கட்சிக்கான அந்தப் பகுதி 1979-ல் சேர்த்தது. ஆனால் தேர்தல் தேதி அறிவித்த பிறகுதான் அது உயிர்பெறும். நம் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது 2021 பிப்ரவரி 26-ல். அதற்கு மூன்று மாதம் முன்னால் எந்த விதியும் குறுக்கே வராது. ஒரு கட்சியை மட்டும் குறிவைத்து எழுதுகிறேன் என்று என் தங்கை மகன் இப்போதே பதில் தட்டத் தொடங்கியிருப்பான். தம்பி, நான் முதலில் சொன்ன அமைச்சர் எந்தக் கட்சி என்று நீ கேள், தனியாகச் சொல்கிறேன்.

அன்று மயங்கி விழுந்த பிள்ளை இப்போது பொன்னேரிப் பக்கம் குடும்பத்தோடு இருப்பதாக மாணவன் சொன்னான். கிளம்பும்போது அவனிடம் சொன்னேன்: "உங்க அப்பா காசுதான்டா அந்த மேடை. என் காசும்." அவன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

அந்த விழா அன்று எடுத்த போட்டோ யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். வரிசையில் கடைசியில் குடை பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான்.