கள்ளுக்கடை முதல் கைத்தொலைபேசி வரை: தோட்டத் தமிழர் கடனிலிருந்து மீண்ட வரலாறு



இணையச் சூதாட்டத்தால் நலிவுறும் குடும்பங்களைப் பற்றி அண்மைக் காலமாக ஆசிரியர் அறைகளில் அடிக்கடி பேச்சு எழுகின்றது. சுற்றுலாவுக்குப் பணம் கட்டாத மாணவன், காலையுணவின்றி வரும் மாணவி, வகுப்பிலேயே உறங்கிவிடும் பிள்ளை எனச் சிறு அறிகுறிகள் வழியாகவே இச்செய்தி முதலில் பள்ளியை வந்தடைகின்றது. பலரும் இதனைப் புதிய நோய் என்று கருதுகின்றனர். கருவி புதியதுதான், நோய் பழையது. கோல சிலாங்கூரிலும் அதன் கிழக்கே உலு சிலாங்கூர் வரையிலும் பரந்து கிடந்த தோட்டங்களில் இதே அமைப்புடைய பொறி ஒன்று நூறாண்டுகளுக்கு முன்பே நம் முன்னோரைப் பிடித்திருந்தது. அவர்கள் அதிலிருந்து மீண்ட முறையை அறிந்துகொள்வது இன்றைய குடும்பங்களுக்குப் பயன்தரும் என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கடனோடு தொடங்கிய வாழ்க்கை

கோல சிலாங்கூர் மலேசியத் தோட்டத்தொழில் வரலாற்றில் தனியிடம் பெற்ற மாவட்டம். கடலோரத்தில் தென்னையும் உள்நிலத்தில் ரப்பரும் பயிரிடப்பட்டன. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்குதான், தெனமாரம் தோட்டத்தில், பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கொனியே என்பவரால் உருவாக்கப்பட்டது. அத்தோட்டத்தின் பெயரைக் கேட்டாலே தமிழ்க் காதுக்குத் தென்னைமரம் நினைவுக்கு வரும். 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தாய் பட்டணத்தை அடுத்து அது அமைந்துள்ளது.

இத்தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் பெரும்பாலும் கையில் பணமின்றி மட்டுமல்லாமல், தலையில் கடனோடும் வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையிலும் முன்பணம் என்ற கயிறு இருக்கவே செய்தது. கப்பற்செலவு, ஊரில் விட்டுவந்த குடும்பத்திற்குக் கொடுத்த தொகை, வந்திறங்கியபின் வாங்கிய பாத்திரம் பண்டம் ஆகியன எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறின. அடுத்துத் தோட்டத்து மளிகைக் கடையின் பற்று. சம்பளம் கைக்கு வருமுன்பே அதன் பெரும்பகுதி பிறருக்கு உரியதாகிவிடும். மாதம் முழுதும் உழைத்தவன் மாத முடிவில் மிஞ்சியதை எண்ணிப் பார்க்கும்போது, சேமிக்கும் எண்ணம் அற்றுப்போவது இயல்பே.

சம்பள நாளும் கள்ளுக்கடையும்

அந்த மிச்சத்தையும் வாங்கிக்கொள்ளத் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. காலனி அரசுக்கு மக்களின் பழக்கங்கள் வருவாய் ஈட்டும் வழிகளாயின. சீனச் சுரங்கத் தொழிலாளர்க்கு அபினும் சூதாட்ட விடுதியும் போலத் தமிழ்த் தொழிலாளர்க்குக் கள் அமைந்தது. கடை உரிமம் பெற்றது. வேலைத்தலத்துக்கு அருகில் இருந்தது. உடல் சோர்ந்த நேரத்தில் திறந்திருந்தது. இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு மனிதனிடம் மனவுறுதி மட்டும் வேண்டும் என்று எதிர்பார்ப்பது நேர்மையாகாது.

இதனைத் தொழிலாளர்களே நன்கு உணர்ந்திருந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தை ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்தினர். கூலியுயர்வு, மருத்துவ வசதி, துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகிய கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களது பட்டியலில் இருந்தது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அதே பட்டியலில்தான் இருந்தது. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர்.

“எங்களுக்குக் குடிக்காதிருக்கும்படி அறிவுரை கூறுங்கள்” என்று அம்மக்கள் கேட்கவில்லை. “கடையை மூடுங்கள்” என்று கேட்டனர். ஒரு பழக்கத்திலிருந்து மீள, அப்பழக்கத்திற்குரிய வாயிலை முதலில் அடைக்க வேண்டும் என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. ஆயினும் வாயிலை அடைப்பது மட்டும் போதவில்லை என்பதையும் பின்னாள் வரலாறு காட்டிற்று. கள் குறைந்த தோட்டங்களில் மலிவான சம்சு நுழைந்தது. எனவே இரண்டாவது ஏற்பாடு ஒன்றும் தேவைப்பட்டது.

கைக்கு எட்டாத இடத்தில் பணம்

பணத்தைச் சபலத்திற்கு எட்டாத இடத்தில் வைப்பதே அவ்வேற்பாடு. மலாய் மாநிலங்களில் 1922இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. தபால்துறை ஊழியரின் சிக்கன, கடனுதவிச் சங்கம் முதலில் பதிவாயிற்று. பின்னர் தோட்டத் தமிழரிடையேயும் சிக்கனச் சங்கங்கள் அமைந்தன. சம்பளத்தில் சிறு தொகை முன்னதாகவே பிடிக்கப்பட்டதால், கைக்கு வராத அப்பணம் கடைக்கும் போகவில்லை.

1951இல் ஊழியர் சேமநிதி தொடங்கியது. தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு எனச் சந்தா செலுத்தப்பட்டது. முதுமை வரையில் அப்பணத்தைத் தொட இயலாது. பெண்கள் தம்முள் நடத்திய ‘கூட்டு’ப் பணமும் இவ்வகையினதே. இம்மாதம் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முறை தவறிப்போகும் என்ற நாணமே அங்குக் காவலாக நின்றது. இதனைத் தொழிலாக நடத்தி ஏமாற்றியோரும் உண்டு. கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்னும் சொல் இடம்பெற்றுள்ளது.

இவற்றுள் பெரிய முயற்சி துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமாகும். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்கலாயினர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்றனர். ‘மாதம் 10 வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம்’ என்பதே சம்பந்தன் விடுத்த அழைப்பின் சாரம். பால்மரம் சீவும் ஒருவருக்கு அது சில நாள் கூலி. இருப்பினும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். கடைப்பற்றிலும் கள்ளிலும் கரைந்திருக்கக்கூடிய காசு நிலமாக மாறிற்று.

கைக்குள் வந்த கடை

இன்றைய நிலைக்கு வருவோம். நம் நாட்டில் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மைச் சட்டங்கள் இரண்டும் 1953ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஒன்று பந்தயத்தையும் மற்றொன்று பொதுச் சூதாட்ட விடுதிகளையும் பற்றியது. விடுதிக்குச் சுவரும் கதவும் உண்டு என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட சட்டங்கள் அவை. இன்று அவ்விடுதி கைத்தொலைபேசிக்குள் குடியேறிவிட்டது. உரிமமில்லாத இணையச் சூதாட்டம் சட்டப்படி குற்றமாயினும், நள்ளிரவிலும் கழிவறையிலும் கூட அக்கடை திறந்தே இருக்கின்றது.

சேமிப்பைச் சுற்றியிருந்த வேலியும் தாழ்ந்துவிட்டது. 2024 மே 11 முதல் சேமநிதியில் புதிதாகச் சேரும் சந்தாவில் 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்கிற்குச் செல்கின்றது. 55 வயதுக்குட்பட்டோர் அதிலிருந்து 50 ரிங்கிட் முதல் எந்நேரமும் எடுக்கலாம். அவசரத்தில் உதவும் ஏற்பாடுதான். ஆனால் சூதில் சிக்கியவனின் கையில் அதுவும் பந்தயப் பணமே.

பெற்றோர் சந்திப்பின்போது தாய் ஒருவர் என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். “டீச்சர், பிள்ளைக்குக் கிடைக்கும் அந்த 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவியை அவர் கணக்கில் போடாமல் என்னிடம் கொடுக்க முடியுமா?” கணவரைப் பற்றி ஒரு குறையும் அவர் சொல்லவில்லை. கேள்வியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வரலாற்றை நோக்கினால் அத்தாய் கேட்டதும் 1941இல் கேட்கப்பட்டதும் வேறு வேறல்ல.

சூதுக்குக் கள்ளைவிடக் கொடிய தன்மை ஒன்றுண்டு. குடித்தவன் குடியால் பணம் திரும்பி வரும் என்று நம்புவதில்லை. சூதாடுபவனோ இழந்ததைச் சூதிலேயே மீட்கலாம் என்று நம்புகிறான். விட்டதைப் பிடிக்கப் போய் இருந்ததையும் விட்ட கதை அது. எப்போதாவது கிடைக்கும் சிறு வெற்றி அந்நம்பிக்கைக்கு நெய் வார்க்கின்றது. உலகச் சுகாதார நிறுவனம் சூதாட்டக் கோளாற்றைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருப்பதும் இதனால்தான். திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம், சூது 94ஆம் அதிகாரம். அவற்றையடுத்து 95ஆவதாக மருந்து வைக்கப்பட்டிருப்பது எண்ணத்தக்கது.

மீளும் வழி

முன்னோரின் ஏற்பாடுகளை இன்றைய வீட்டிற்கு இவ்வாறு பொருத்திக்கொள்ளலாம்.

முதலாவது, கடையை மூடுதல். சூதாட்டச் செயலிகளை நீக்கி, தடுப்புச் செயலியை நிறுவி, வங்கியின் நாள்வரம்பை மிகக் குறைத்துவிட வேண்டும். சில மாதங்களுக்கு இணையமில்லாத சாதாரணக் கைப்பேசியைப் பயன்படுத்துவது இன்னும் நன்று.

இரண்டாவது, சம்பளத்தைக் கைமாற்றுதல். பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தோடு, சம்பளம் வந்த அன்றே வாடகை, மின்கட்டணம், பிள்ளைகளின் செலவு ஆகியவை துணைவியின் அல்லது பெற்றோரின் கணக்கிற்குத் தானாகச் செல்லுமாறு வங்கியில் ஏற்பாடு செய்யலாம். இதில் இழிவொன்றுமில்லை. சிக்கனச் சங்கம் நம் தாத்தாக்களுக்குச் செய்ததும் இதுவே.

மூன்றாவது, முழுக் கணக்கு. 1957இல் அமெரிக்காவில் தொடங்கிய கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்னும் தன்னுதவி அமைப்பு, மீள விரும்புவோர் தம் கடன் அனைத்தையும் ஒளிக்காமல் குடும்பத்தின்முன் எழுதி வைப்பதை முக்கியமாகக் கொள்கின்றது. மறைத்து வைத்த ஒரு கடனை அடைக்கத்தான் மீண்டும் ஆடத் தோன்றும். உறவினர் மொத்தக் கடனையும் தாமே அடைத்துவிடுவதும் பல வேளைகளில் தீங்காய் முடியும். சுமை திடீரென இறங்கியவுடன் பழைய பாதை கண்ணுக்குத் தெரியும்.

நான்காவது, முறையாக அடைத்தல். வங்கிக் கடன்களுக்கு ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வகிப்பு நிறுவனத்தை நாடலாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த அந்நிறுவனம் இலவசமாக ஆலோசனை வழங்கி, வங்கிகளோடு பேசித் தவணையைத் திருத்தியமைக்கின்றது. வட்டிமுதலைகளின் கடன் அதில் அடங்காது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கூட ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டிற்குமேல் வட்டி வாங்க இயலாது என்பதை அறிந்து, மிரட்டல் வந்தால் தயங்காமல் போலீசில் புகார் செய்ய வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 ரிங்கிட் பெறும் ஒருவருக்கு 12,000 ரிங்கிட் கடன் இருப்பதாகக் கொள்வோம். மாதம் 250 ரிங்கிட் கட்டினால், வட்டியைச் சேர்க்காமலே 48 மாதங்கள் ஆகும். முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் ஆண்டுக்குச் சென்றுவிடும். இவ்வளவு நீண்ட பாதை என்று தெரிந்தே தொடங்குபவர், இடையில் ஒருமுறை சறுக்கினாலும் எழுந்து நடப்பார். தனித்து நிற்க இயலாதவர்கள் அரசு மருந்தகத்தில் பேசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம்.

ஐந்தாவது, வெறுமையான மாலை நேரத்தை நிரப்புதல். 1950களில் தமிழ் முரசின் வழி கோ. சாரங்கபாணி வளர்த்த மாணவர் மணிமன்றமும், அதன்பின் தோன்றிய தமிழ் இளைஞர் மணிமன்றங்களும் தோட்டங்களில் படிப்பகம், நாடகம், இரவு வகுப்பு எனப் பல நடத்தின. போக வேறோர் இடம் இருந்தபோது இளைஞரின் கால்கள் அங்கே சென்றன.

நம் பங்கு

அரசுகளும் வாயிலை அடைக்க முயல்கின்றன. 1968இல் தொடங்கப்பட்ட அரசு லாட்டரி உட்பட எல்லா லாட்டரிச் சீட்டுகளையும் தமிழ்நாடு 2003இல் தடை செய்தது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. சட்டம் வேண்டியதே. ஆயினும் கைத்தொலைபேசியின் கதவை வீட்டிலிருப்போர்தாம் சாத்த முடியும்.

ஆசிரியர்களே, பிள்ளை கொண்டுவராத பணத்தை வகுப்பின்முன் கேட்காதீர்கள். தாயோ தந்தையோ வந்து பேசினால் அதனை ஆசிரியர் அறைப் பேச்சாக்காதீர்கள். ஆலோசனை கிடைக்குமிடத்தைச் சொல்லியனுப்புங்கள். பெற்றோர்களே, வீட்டின் வரவு செலவைப் பிள்ளைகள் அறிய ஒரு நோட்டில் எழுதுங்கள். உண்டியல் சேமிப்புச் சிறிதாயினும் தொடரட்டும். மீண்டு வரும் ஒருவரை ‘சூதாடி’ என்று அழைப்பதை நிறுத்துங்கள்.

கள்ளுக்கடையை மூடுக என்றும் பிள்ளைக்குக் கல்வி தருக என்றும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தவர்களின் வழிவந்தோர் நாம். அவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நாமும் அறிந்து செயல்படுவோம்.