பன்னிரண்டு வோல்ட்டில் ஓடிய விளையாட்டு: சபரகமுவத் தோட்டங்களில் டீவி கேம்

இலங்கையில் ‘டீவி கேம்’ என்ற பெயரால் அறியப்பட்ட சாதனம், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடப்படும் ஒரு சிறு கணினியாகும். அதற்கெனத் தனித் திரை கிடையாது. ‘கெசட்’ எனப்பட்ட நினைவகப் பெட்டியைச் செருகினால் அதில் பதிந்துள்ள விளையாட்டு தொலைக்காட்சித் திரையில் விரியும். கம்பியால் பிணைக்கப்பட்ட இரண்டு கைப்பிடிகளைக் கொண்டு இருவர் ஆடலாம். சபரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு இச்சாதனம் வந்து சேர்ந்த வரலாற்றை விளையாட்டின் வரலாறாக மட்டும் எழுதிவிட முடியாது. மின்சாரம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, கிடைக்காதவர்கள் அதை எப்படித் தேடிக்கொண்டார்கள் என்ற வினாக்கள் அதனோடு பின்னிக் கிடக்கின்றன. மலையகப் பண்பாட்டு ஆய்வில் காமன் கூத்துக்கும் பொன்னர் சங்கர் கூத்துக்கும் உரிய இடம் கிடைத்திருக்கும் நிலையில், ஒரு தலைமுறையின் மாலை வேளைகளை நிறைத்த இந்தச் சிறு பெட்டிக்கும் அங்கே ஓரிடம் ஒதுக்கப்பட வேண்டும்.

தோட்டங்களுக்கு மின்சாரம் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலங்கையின் நூற்றுக்கணக்கான தேயிலைத் தொழிற்சாலைகள் மலையோடைகளை மறித்து, குழாய் வழியே நீரை இறக்கி, சுழலிகளைச் சுழற்றிக் கொழுந்து அரைக்கும் இயந்திரங்களை இயக்கின. தொழிற்சாலைக்கு விளக்கு எரிந்தது. தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவுக்கும் எரிந்தது. ஆனால் அதே ஓடையின் கரையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளான காம்பராக்களாக வரிசை பிடித்து நின்ற தொழிலாளர் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே நீடித்தது. பிற்காலத்தில் தேசிய மின்வலையமைப்பு தொழிற்சாலைகளை எட்டியதும் பழைய சுழலிகள் பல கைவிடப்பட்டன; அந்த மாற்றமும் லயத்தின் இருளைத் தொடவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் மூலம் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பெனிகளிடம் திரும்பிய பின்னரும், பல லயங்கள் மின்கம்பிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. நாடு ஏறத்தாழ முழுமையாக மின்மயமாக 2016ஆம் ஆண்டளவு வரை சென்றது.

இதற்கிடையே தொலைக்காட்சி வந்துவிட்டது. 1979 ஏப்ரலில் சுயாதீன தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரியில் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலையின் உச்சியிலிருந்து அலைகள் இறங்கினாலும், சபரகமுவவின் மடிப்பு மடிப்பான மலைகளுக்குப் பின்னால் இருந்த லயங்களுக்கு அவை எளிதில் எட்டவில்லை. ஆகவே மூங்கிலையோ கமுகையோ நட்டு, உச்சியில் அன்டனாவைக் கட்டி, ஒருவர் வெளியே நின்று அதைத் திருப்ப, இன்னொருவர் உள்ளே நின்று படம் தெளிகிறதா என்று குரல் கொடுக்கும் வழக்கம் தோன்றியது. மின்கம்பி இல்லாத வீட்டில் அப்பெட்டியை ஓட்டியது மோட்டார் வாகனப் பெட்டரி. பன்னிரண்டு வோல்ட் நேர்மின்னிலும் இயங்கக்கூடிய பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் சந்தையில் கிடைத்தன. அவை 15 முதல் 20 வாட் வரையே எடுத்துக்கொண்டன. 60 அம்பியர் மணி கொள்ளளவுள்ள ஒரு பெட்டரியில் கணக்குப்படி 720 வாட் மணி மின்சாரம் இருக்கும். பெட்டரி கெடாதிருக்க அதில் பாதியையே செலவிடுவது நல்லது. அப்படிப் பார்த்தால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வீதம் ஆறு முதல் எட்டு நாள் வரை பார்க்கலாம். பின்னர் அதைத் தோளிலோ பஸ்ஸிலோ நகரத்துக்குக் கொண்டுபோய், காசு கொடுத்து ‘சார்ஜ்’ ஏற்றிக்கொண்டு வர வேண்டும். டீவி கேம் வந்து குந்தியது இந்த அளவான, எண்ணிச் செலவழிக்கப்பட்ட மின்சாரத்தின் மேல்தான்.

அந்தச் சாதனத்தின் மூலம் ஜப்பானில் உள்ளது. நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15ஆம் திகதி 14,800 யென் விலையில் வெளியிட்ட ஃபேமிகொம் என்ற பொறியை வடிவமைத்த குழுவுக்கு மசாயுக்கி உவெமுரா தலைமை தாங்கினார். அதன் வேலைநினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. இன்றைய கணினி எழுத்துமுறையில் சேமித்தால் இந்தப் பத்தியைக்கூட அதற்குள் அடக்க முடியாது. இவ்வளவு குறைந்த வசதியில் ஓடிய விளையாட்டுகளும் சிறியவையாகவே அமைந்தன: 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 40 கிலோபைட், அதே ஆண்டில் நம்கோ நிறுவனம் வெளியிட்ட பெட்டில் சிட்டி என்னும் தாங்கிச் சண்டை 24 கிலோபைட். அமெரிக்காவுக்கு அனுப்பிய வடிவத்தில் அங்கீகாரமில்லாத கெசட்டை மறுக்கும் பூட்டுச் சில்லு ஒன்றை நிறுவனம் சேர்த்திருந்தது. ஜப்பானிய வடிவத்தில் அந்தப் பூட்டு இல்லை. பூட்டில்லாத அந்த அறுபது முள் வடிவத்தையே தாய்வானிலும் பின்னர் சீனாவிலும் நகலெடுத்தார்கள். தாய்வானின் மைக்ரோ ஜீனியஸ், ரஷ்யாவில் 1992 முதல் விற்பனையான டெண்டி, சீனாவின் விசைப்பலகை பூட்டிய சுபோர் ஆகிய எல்லாம் ஒரே கருவின் பிள்ளைகள். முதலில் பல சில்லுகளாக இருந்த உட்பகுதி பின்னர் ஒரே சில்லாகச் சுருக்கப்பட்டு, மின்பலகையில் ஒரு கறுப்புப் பிசின் பொட்டாக மாறியபோது அதன் விலை ஏழைகளும் எட்டிப்பிடிக்கக்கூடிய அளவுக்கு இறங்கியது. மூல நிறுவனத்தின் உரிமையை மீறிய செயல் இது என்பதில் ஐயமில்லை. என்றாலும் அந்த மீறல் இல்லாவிட்டால், உலகின் பெரும்பகுதிச் சிறுவர்களுக்கு இவ்விளையாட்டுகள் கிட்டியே இருக்கமாட்டா என்பதும் உண்மை.

இலங்கையில் 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பின் மின்னணுப் பொருள்கள் கொழும்புப் புறக்கோட்டையில் குவியத் தொடங்கின. தோட்டங்களிலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன இளைஞர்களும், மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மாரும் தோட்டத்துக்கும் அந்தச் சந்தைக்கும் இடையே பாலமாயினர். தோட்டத்தில் தீபாவளி என்பது முற்பணம் கிடைக்கும் காலம். கொழும்பிலிருந்து பிள்ளைகள் வீடு திரும்பும் காலமும் அதுவே. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானை முதலிய நகரங்களைச் சுற்றிய லயங்களுக்குப் புத்தாடையோடும் பட்டாசோடும் டீவி கேம் போன்ற புதிய பொருள்கள் வந்து சேர்ந்ததும் அந்நாள்களில்தான்.

சாதனம் வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல் மின்சாரமே. டீவி கேம்களோடு வந்த மின்மாற்றி 230 வோல்ட்டை ஏறக்குறைய 9 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது. சுவரில் மின்குதையே இல்லாத வீட்டில் அதனால் பயனில்லை. ஆனால் பொறியின் உள்ளே 7805 என்ற எண்ணுடைய மூன்று கால் சீராக்கி ஒன்று இருந்தது. வரும் மின்னழுத்தம் ஏழோ ஒன்பதோ பன்னிரண்டோ, எதுவாயினும் அதை 5 வோல்ட்டாக நிலைநிறுத்துவது அதன் தொழில். மின்மாற்றியை வெட்டியெறிந்து அதன் வயரை நேரே பெட்டரி முனைகளில் பூட்டினாலும் விளையாட்டு ஓடியதற்கு இதுவே காரணம். மிகுதி ஏழு வோல்ட்டும் வெப்பமாக வெளியேறுவதால் சீராக்கி சுடும். அதன் முதுகில் அலுமினியத் துண்டு ஒன்றைத் திருகிவிட்டால் அந்தச் சூடு பரவிப் போகும். நேர் முனையையும் எதிர் முனையையும் மாற்றிப் பூட்டினால் பொறி கருகிவிடும் என்பதால் வயரின் நிறத்தை நினைவில் வைத்திருப்பது ஒரு கல்வியாயிற்று. பாடசாலையில் ஓமின் விதி கற்பிக்கப்படுவதற்கு முன்பே, மின்னோட்டத்துக்கு ஒரு திசை உண்டு என்பதைத் தோட்டத்துச் சிறுவர்கள் இவ்வாறு விரல் நுனியால் அறிந்தார்கள்.

அடுத்தது படத்தைப் பிடிக்கும் வேலை. பழைய பெட்டிகளில் அன்டனா நுழைவாயிலைத் தவிர வேறு வழி இல்லாமையால், டீவி கேம் தன் படத்தை ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம்போல வானலையாக மாற்றியே அனுப்பியது. அன்டனா வயரைக் கழற்றிவிட்டுக் கேமின் வயரைச் செருகி, அலைவரிசைக் குமிழை மெல்ல மெல்லத் திருக, ‘பூச்சி’ பறந்த திரையில் கோடுகள் நெளிந்து, பின் எழுத்து தெளியும். ஜப்பானில் ஒளிபரப்பு நொடிக்கு ஏறத்தாழ 60 தடவை திரையை வரையும் முறையைச் சேர்ந்தது. இலங்கையில் நொடிக்கு 50 தடவை வரையும் ‘பால்’ முறை. ‘பால்’ முறை நாடுகளுக்கென அமைந்த நகல் பொறிகள் அந்த 50 தடவைக்கு இசைவாக ஓடியதால், விளையாட்டின் வேகமும் இசையும் மூலத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தளர்ந்திருந்தன. மாரியோவின் பாட்டை ஜப்பானியச் சிறுவன் கேட்ட வேகம் வேறு, சபரகமுவவின் காவத்தைச் சிறுவன் கேட்ட வேகம் வேறு.

மழை மூன்றாவது சிக்கல். நாட்டின் மிக ஈரமான பகுதிகளுள் இரத்தினபுரியும் ஒன்று; ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் கடுமையாக இருக்கும். வானம் இருண்டதும் அன்டனா வயரைக் கழற்றி வீட்டுக்கு வெளியே எறிவது எழுதப்படாத சட்டம். காற்றின் ஈரத்தால் கெசட்டின் செப்பு விரல்கள் களிம்பேறி, படம் உடைந்து, திரையில் பொருளற்ற கட்டங்கள் தோன்றும்போது, கெசட்டை எடுத்து ஊதிச் செருகுவது உலகெங்கும் இருந்த வைத்தியம். உண்மையில் மூச்சின் ஈரம் களிம்பை வளர்க்கும்; கழற்றிச் செருகும்போது ஏற்படும் உராய்வே படத்தை மீட்டது. அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பதே சரியான முறை. கைப்பிடியின் பொத்தான் தேய்ந்து வேலை செய்யாதபோது அதன் அடியிலுள்ள கரித்துண்டின் மேல் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளை வெட்டி ஒட்டுவதும் அத்தகைய கைவைத்தியமே. அதே வைத்தியம் தொலைக்காட்சியின் தூர இயக்கிக்கும் பயன்பட்டது.

ஒரே கெசட்டில் இலட்சக்கணக்கான விளையாட்டுகள் உண்டு என்று மேலட்டை பறைசாற்றினாலும், உள்ளே இருந்தவை பெரும்பாலும் சில பத்துக்குள் அடங்கின. ஒரே விளையாட்டை இரண்டாம் கட்டத்திலிருந்து, மூன்றாம் கட்டத்திலிருந்து என்று தொடங்கவைத்துப் பட்டியலை நீட்டியிருந்தார்கள். அவற்றுள் பெட்டில் சிட்டி தனியே குறிப்பிடத் தக்கது. அதில் இருவர் எதிரிகளாக அன்றித் துணைவர்களாக நின்று ஒரே கோட்டையைக் காக்க வேண்டும். செங்கல், இரும்பு, நீர், புதர் ஆகியவற்றைத் தாமே அடுக்கிப் புதுக் களம் கட்டும் வசதியும் அதில் இருந்தது. ஆடுபவரே ஆக்குபவராகவும் மாறிய இந்தச் சிறு வசதி, கணினி என்பது பிறர் செய்ததை நுகரும் பொருள் மட்டுமன்று என்பதை எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகக் காட்டியது. 1988இல் வந்த கொன்ட்ராவும் இருவர் சேர்ந்து ஆடுவதே. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ, தாம் பரிசோதித்த விளையாட்டு கடினமாக இருந்ததால் அமைத்துக்கொண்ட இரகசியப் பொத்தான் வரிசை, 1986இல் கிரேடியஸ் விளையாட்டில் தோன்றிப் பின்னர் கொன்ட்ராவில் முப்பது உயிர்களைத் தரும் மந்திரமாகியது. ஏடுகளிலும் வாய்வழியாகவும் உலகைச் சுற்றிவந்த குறிப்பு அது.

விளையாட்டுக்கு ஒதுங்க ஒரு தனியறை லயத்தில் இல்லை. ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையும் தொலைக்காட்சியும் இருக்க, இரண்டு கைப்பிடிக்குப் பத்துப் பேர் முறைவைத்துக் காத்திருக்க, இஸ்தோப்பு எனப்பட்ட முன் திண்ணை வரை பார்வையாளர் நிறைந்தனர். அதனால் இங்கே டீவி கேம் தனிமையின் விளையாட்டாக அமையவில்லை. தீர்ப்புச் சொல்லவும் ஆலோசனை கூறவும் ஆளிருந்த, கூத்தைப் போன்ற ஒரு பொது நிகழ்ச்சியாகவே அமைந்தது.

1990களில் சபரகமுவவின் ஓடைகளில் மீண்டும் சிறு சுழலிகள் சுழலத் தொடங்கின. இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு முதலிய அமைப்புகளின் துணையோடு கிராம மக்களே அமைத்த சிறு நீர்மின் திட்டங்களில், ஒரு வீட்டுக்கு 100 முதல் 200 வாட் வரை பங்கிடப்பட்டது. விளக்குக்கும் தொலைக்காட்சிக்கும் போதுமான அந்த அளவு, ஒன்றிரண்டு வாட்டில் ஓடிய டீவி கேமுக்குத் தாராளம். பின்னர் மின்கம்பியும் வந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் போய், கைத்தொலைபேசிகள் வந்தன. 1997இல் நோக்கியாவில் தோன்றிய பாம்பு விளையாட்டோடு தொடங்கிய அந்த அலை, டீவி கேமைப் பழம்பொருளாக்கியது.

அந்தப் பழம்பொருள் இன்று திரும்பி வந்திருக்கிறது. அதே நகல் சில்லோடு கைக்கடக்கமான 400 விளையாட்டுப் பெட்டிகள் விற்பனையாகின்றன. அவற்றுள் பலவற்றுக்கு உயிர் கொடுப்பது பழைய நோக்கியாத் தொலைபேசிகளில் இருந்த பீஎல் 5சீ வகைப் பெட்டரி. பழைய பொறியின் நடத்தையை மென்பொருளால் நடிக்கவைக்கும் ‘எமுலேட்டர்’களும் கைத்தொலைபேசிகளில் ஓடுகின்றன. விளையாட்டின் 40 கிலோபைட் இவ்வாறு காப்பாற்றப்பட்டுவிட்டது. பெட்டரி முனையில் வயரைப் பூட்டிய விதமும், வெள்ளித்தாள் ஒட்டிய கைப்பிடியும், குமிழைத் திருகிய நுணுக்கமும் எந்த எமுலேட்டரிலும் இல்லை. அவை லயங்களில் வாழ்ந்தோரின் நினைவிலும், அலுமாரிகளின் மேல் தூசி படிந்திருக்கும் உடைந்த பொறிகளிலும் மட்டுமே உள்ளன. அத்தகைய பொறி ஒன்று இருக்கும் வீட்டார் அதைப் பழைய இரும்புக்குப் போடாமல், அதைப் பழுதுபார்த்தவரின் வாய்மொழியையும் பதிந்து, தோட்டப் பாடசாலை ஒன்றின் அலுமாரியிலாவது சேர்த்து வைக்க வேண்டும்.